ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: ரீஸ்டோர், ரிப்பேர், ரீசெட், இதில் உங்களுக்கு எது?

ஸ்டார்ட் மெனுவைத் தட்டினால் திறப்பதில்லை. அப்டேட் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்று அதே பிழை எண்ணைக் காட்டுகிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பிரின்டரை இன்று விண்டோஸுக்கு அடையாளமே தெரியவில்லை. கணினி இப்படி மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பக்கத்தில் இருப்பவர் சொல்வது ஒன்றுதான்: "ஃபார்மட் போட்டுடு, எல்லாம் சரியாயிடும்."

பெரும்பாலும் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கடைசி வழிக்கு முன்னால் விண்டோஸிலேயே மூன்று வழிகள் இருக்கின்றன. சிஸ்டம் ரீஸ்டோர், ரிப்பேர் இன்ஸ்டால், ரீசெட். பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிப்பதால் பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள், அல்லது எதற்கு வம்பு என்று நேராக ஃபார்மட்டுக்குப் போய்விடுகிறார்கள். விண்டோஸ் ஏறி முடிக்க அரை மணியோ ஒரு மணியோ ஆகும். அதைத்தான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். உண்மையான செலவு அதற்கு அடுத்த இரண்டு வாரத்தில் இருக்கிறது: ஒவ்வொரு புரோகிராமாகத் தேடி ஏற்றுவது, மறந்துபோன கடவுச்சொற்கள், சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்கள், பழகிய கைக்கு ஏற்ப மாற்றி வைத்திருந்த நூறு சின்னச் சின்ன அமைப்புகள். அந்த இரண்டு வாரத்தையும் சேர்த்து எடைபோட்டால் விடை அடிக்கடி மாறிவிடுகிறது.

## முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வட்டே (ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி) கெட்டுப்போயிருந்தால் பயனில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு சிறிய இலவசப் புரோகிராமை ஓடவிட்டு வட்டின் உடல்நிலையைப் பாருங்கள். "குட்" என்று நீல நிறத்தில் இருந்தால் மேலே போகலாம். மஞ்சளிலோ சிவப்பிலோ எச்சரிக்கை வந்தால் எதையும் சரிசெய்ய முயலாதீர்கள். ஃபைல்களை வேறு வட்டுக்கு எடுத்துக்கொண்டு வட்டை மாற்றுவதுதான் அப்போது வேலை. பழுதடையும் வட்டில் விண்டோஸை மறுபடி ஏற்றினால், மிச்சம் இருக்கும் ஆயுளையும் அந்த ஏற்றுதலே தின்றுவிடும்.

அடுத்து, புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டார்ட் மெனு திறக்காதது, டாஸ்க்பார் உறைவது போன்ற கோளாறுகள் புதுக் கணக்கில் இல்லையென்றால், விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் பழைய கணக்கின் கோப்புறையில்தான் ஏதோ கெட்டிருக்கிறது. ஃபைல்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் முடிந்தது. இதைச் செய்து பார்க்காமல் ஃபார்மட் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

மூன்றாவது, சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் ஓடும் நிலை. ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரையில் பழுதுநீக்கும் மெனு வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, அடுத்து வரும் பட்டியலில் 4 அழுத்துங்கள். சேஃப் மோடில் கணினி சாதுவாக ஓடினால், பிரச்சினை ஏதோ ஒரு டிரைவரிலோ (பிரின்டர் போன்ற பாகங்களை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் புரோகிராமிலோ இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

நான்காவதாக நான் மிகவும் நம்புவது ரிலையபிலிட்டி மானிட்டர். தேடல் பெட்டியில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினாலே வந்துவிடும். நாள்வாரியாக ஒரு கட்டம். என்ன பழுதானது என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. அன்று என்ன ஏற்றப்பட்டது என்பது கீழே. சிவப்புக் குறிகள் எந்தத் தேதியில் தொடங்குகின்றன என்று பாருங்கள். அந்தத் தேதியன்று ஒரு கிராஃபிக்ஸ் டிரைவரோ அப்டேட்டோ ஏறியிருந்தால் குற்றவாளி பாதி பிடிபட்டமாதிரி. மாறாக, ஆறு மாதமாகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு தெரிந்தால் கதை வேறு. தேர்வுக்கு இந்தத் தேதிதான் அடித்தளம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

எது அழியும் என்பது முதல் கேள்வி. ஃபைல், புரோகிராம், அமைப்புகள் மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அப்புறம், செய்தது பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? விண்டோஸ் திறக்கவே மறுக்கிற நிலையிலும் செய்ய முடியுமா? கடைசியாக, கணினி பழையபடி உங்கள் கைக்குப் பழக எத்தனை நாள்?

| | ரீஸ்டோர் | ரிப்பேர் இன்ஸ்டால் | ரீசெட் (ஃபைல்களை வைத்து) | ஃபார்மட் |
|---|---|---|---|---|
| சொந்த ஃபைல்கள் | இருக்கும் | இருக்கும் | பயனர் கோப்புறையில் உள்ளவை இருக்கும் | போகும் |
| புரோகிராம்கள் | அந்தத் தேதிக்குப் பின் ஏற்றியவை போகும் | இருக்கும் | நாம் ஏற்றியவை போகும் | போகும் |
| விண்டோஸ் திறக்காவிட்டால் | முடியும் | முடியாது | முடியும் | முடியும் |
| திரும்பி வருவது | பெரும்பாலும் முடியும் | 10 நாள் வரை | முடியாது என்றே கொள்ளுங்கள் | முடியாது |
| எஸ்எஸ்டி உள்ள கணினியில் வேலை நேரம் | அரை மணி | ஒன்று முதல் இரண்டு மணி | ஒன்று முதல் இரண்டு மணி | அரை மணி |
| பழைய நிலைக்கு வர | அன்றே | அன்றே | சில நாள் | ஒன்றிரண்டு வாரம் |

நேரக் கணக்கு என் அனுபவத்தில் வந்தது. பழைய சுழலும் வட்டாக இருந்தால் இரட்டிப்பு, மும்மடங்கு கூட ஆகும்.

## சிஸ்டம் ரீஸ்டோர்

கோளாறு தொடங்கிய தேதி தெளிவாகத் தெரிந்தால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்கள், ரெஜிஸ்ட்ரி (அமைப்புகள் பதிவாகும் இடம்), டிரைவர்கள், ஏற்றிய புரோகிராம்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பிட்ட நாளின் நிலைக்குத் திருப்பிவிடும். டாக்குமென்ட்டையோ போட்டோவையோ தொடாது. தொடங்கும் முன் "பாதிக்கப்படும் புரோகிராம்களைத் தேடு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எவை போகும், எவை திரும்பி வரக்கூடும் என்று பட்டியலே கிடைக்கும்.

மறைந்திருக்கும் சிக்கல் இதுதான்: பல கணினிகளில் சிஸ்டம் புரொட்டெக்‌ஷன் அணைந்தே கிடக்கிறது. தேவைப்படும் நாளில் போய்ப் பார்த்தால் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (திரும்பிப் போவதற்காக அந்த வசதி சேமித்து வைக்கும் பழைய நிலை) கூட இருக்காது. இருந்தாலும் ரொம்பப் பழையது கிடைக்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு அதிகபட்சம் 60 நாள்தான் வைத்திருக்கும். ஆகவே ஆறு மாதமாக நீளும் கோளாறுக்கு இது உதவாது. சேஃப் மோடிலிருந்து ரீஸ்டோர் செய்தால் அதைத் திருப்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முடிந்தால் சாதாரண நிலையிலேயே செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போகக்கூடாது. மடிக்கணினி என்றால் சார்ஜரில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்டேட் ஒன்றுதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் ரீஸ்டோர் கூட வேண்டாம். அதே நீலத் திரை மெனுவில் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" இருக்கிறது. அந்த ஒரு அப்டேட்டை மட்டும் கழற்றிவிடலாம்.

## ரிப்பேர் இன்ஸ்டால்

நான்கில் அதிகம் பேருக்குத் தெரியாத வழி இது. என்னைக் கேட்டால் அதிகம் பேருக்குப் பொருந்துவதும் இதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி ஏற்றுவது. சிஸ்டம் ஃபைல்கள் அத்தனையும் புதிதாகிவிடும். உங்கள் ஃபைல், புரோகிராம், பெரும்பாலான அமைப்புகள் அப்படியே இருக்கும். அப்டேட் நின்று நின்று போவது, விண்டோஸின் சொந்தப் புரோகிராம்களே திறக்காதது, சிஸ்டம் ஃபைல்களைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி, டிஸ்ம் கட்டளைகளை ஓடவிட்டும் சரியாகாத சிதைவு, இவற்றுக்கெல்லாம் இது நல்ல மருந்து. (அந்த இரண்டு கட்டளைகளையும் பயன்படுத்துவதாக இருந்தால் டிஸ்ம் முதலில், எஸ்எஃப்சி பிறகு. டிஸ்ம் சரிசெய்யும் கிடங்கிலிருந்துதான் எஸ்எஃப்சி நல்ல ஃபைல்களை எடுக்கிறது.)

விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போனால் "விண்டோஸ் அப்டேட் மூலம் சிக்கலைச் சரிசெய்" என்ற பொருளில் ஒரு வரியும், பக்கத்தில் "ரீஇன்ஸ்டால் நவ்" பொத்தானும் இருக்கும். அதை அழுத்துவதே போதும். அது இல்லாவிட்டாலோ வேலை செய்யாவிட்டாலோ, மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, விண்டோஸ் ஓடும்போதே அதைத் திறந்து செட்டப்பை ஓடவிட வேண்டும். பென்டிரைவிலிருந்து பூட் செய்து ஆரம்பித்தால் "ஃபைல்களையும் புரோகிராம்களையும் வைத்திரு" என்ற தேர்வே கிடைக்காது. நிறையப் பேர் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

இன்னொரு இடமும் உண்டு. ஐஎஸ்ஓ இறக்கும்போது மொழிப் பட்டியலில் "இங்கிலீஷ்", "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்" என்று இரண்டு இருக்கும். உங்கள் விண்டோஸ் எதில் ஏற்றப்பட்டதோ அதே வேண்டும். மாற்றி இறக்கினால் புரோகிராம்களை வைத்திருக்கும் தேர்வு மங்கிப்போய், அழுத்தவே முடியாமல் நிற்கும். அப்படி நின்றால் பயப்படாமல் வெளியே வந்து மற்ற ஐஎஸ்ஓவை இறக்குங்கள். "இப்போதைக்கு ஃபைல்களை மட்டும் வைத்தால் போதும்" என்று அவசரத்தில் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டால் உங்கள் புரோகிராம்கள் எல்லாம் போய்விடும்.

செலவுகள் என்று பார்த்தால், சி டிரைவில் குறைந்தது 20 ஜிபி காலி இடம் இருப்பது நல்லது. ஐஎஸ்ஓ மட்டுமே 5 ஜிபிக்கு மேல் வரும். பழைய ரீஸ்டோர் பாயின்ட்கள் அழிந்துவிடும். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். பாதியில் நின்றுபோவதற்கு அது அடிக்கடி காரணமாகிறது. மோசமாக எழுதப்பட்ட டிரைவர், தொல்லை தரும் புரோகிராம் இரண்டையும் இது பத்திரமாகக் காப்பாற்றி அப்படியே திருப்பித் தந்துவிடும். சேஃப் மோடில் நன்றாக ஓடும் கணினிக்கு ரிப்பேர் இன்ஸ்டால் பயன்படாததற்கு அதுதான் காரணம்.

## ரீசெட்

"ஃபைல்களை வைத்திரு", "எல்லாவற்றையும் நீக்கு" என்று இரண்டு தேர்வு வரும். முதல் தேர்வின் பெயரை நம்பி நான் ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

என் மாமாவின் கணினி. ரீசெட் முடிந்து டெஸ்க்டாப் வந்தது. போட்டோக்கள் இருந்தன, கடிதங்கள் இருந்தன. நீக்கப்பட்ட புரோகிராம்களின் பட்டியலை ஒரு ஃபைலாக டெஸ்க்டாப்பிலேயே வைத்துக் கொடுத்திருந்தது விண்டோஸ். அதைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். கணக்கு எழுதும் புரோகிராமையும் ஏற்றித் திறந்தேன். வெறும் திரை. மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னப்பா, மூணு வருஷக் கணக்கு எங்கே?" என்றார். அந்தப் புரோகிராம் தன் தரவை டாக்குமென்ட்ஸில் வைக்காமல், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தன்னுடைய கோப்புறையிலேயே வைத்திருந்தது. ரீசெட்டுக்கு அது நீக்க வேண்டிய புரோகிராமின் ஒரு பகுதி, அவ்வளவுதான். நல்லவேளை, சி டிரைவில் "விண்டோஸ் ஓல்டு" என்ற பெயரில் பழைய விண்டோஸின் கோப்புறை இன்னும் அழியாமல் இருந்தது. உள்ளே நுழைந்து நுழைந்து தேடி எடுத்தேன். இந்தக் கோப்புறை கொஞ்ச நாளில் தானாகவே அழிக்கப்படும். ஒரு மாதம் கழித்து மாமா கவனித்திருந்தால் மூன்று வருட உழைப்பு போனது போனதுதான்.

ஆகவே ரீசெட்டுக்கு முன்னால் ஒவ்வொரு முக்கியப் புரோகிராமையும் திறந்து, அது தரவை எங்கே வைக்கிறது என்று பாருங்கள். பேக்அப் எடுக்கும் வசதி அதிலேயே இருந்தால் எடுத்து வெளி வட்டில் வையுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கணினியிலேயே இறக்கி வைத்த மின்னஞ்சல்கள், கையால் சேர்த்த எழுத்துருக்கள், தமிழ்த் தட்டச்சுக்கு ஏற்றிய மென்பொருள் எல்லாம் இதே கணக்கில் வரும்.

இன்னொரு தேர்வு, "கிளவுட் டவுன்லோட்", "லோக்கல் ரீஇன்ஸ்டால்" இரண்டில் எது என்று கேட்கும். லோக்கல் என்றால் கணினியில் இருக்கும் ஃபைல்களையே கொண்டு விண்டோஸைக் கட்டும். அந்த ஃபைல்களே சிதைந்திருந்தால் கட்டடமும் அப்படித்தான் இருக்கும், அல்லது ரீசெட் பாதியில் தோற்றுத் திரும்பும். கிளவுட் தேர்வு சுமார் 4 ஜிபி இறக்கிப் புதிதாகக் கட்டும். இணையக் கட்டுப்பாடு இல்லையென்றால் யோசிக்காமல் கிளவுட்.

விண்டோஸ் திறக்கவே இல்லை, ரீஸ்டோர் பாயின்ட்டும் இல்லை, பென்டிரைவ் தயாரிக்க இன்னொரு கணினியும் கைவசம் இல்லை என்ற நிலையில் ரீசெட்தான் கை கொடுக்கும். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றாலும் இதுவே சிறந்தது. "எல்லாவற்றையும் நீக்கு" என்று சொல்லி, "கிளீன் டேட்டா" தேர்வையும் போட்டுவிடுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் பழைய ஃபைல்களைத் தோண்டி எடுப்பது கடினமாகிவிடும்.

## ஃபார்மட் என்ற முழுப் புது நிறுவல்

குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல், பேக்அப். இவ்வளவுதான் தேவை. லைசன்ஸைப் பற்றிய கவலை பெரும்பாலும் வேண்டாம்: ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன கணினியில் அதே பதிப்பை ஏற்றினால், இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டை மாற்றியிருந்தால்தான் வம்பு. விண்டோஸின் லைசன்ஸ் வருவதுபோல் விலை கொடுத்து வாங்கிய மற்ற புரோகிராம்களின் லைசன்ஸ் தானாக வராது. இத்தனை கணினிக்குத்தான் என்று எண்ணிக் கொடுக்கும் புரோகிராம்களை ஃபார்மட்டுக்கு முன்பே டீஆக்டிவேட் செய்துவிடுங்கள்.

நடுவழியில் நிற்க வைக்கும் இடங்கள் இரண்டு. சில புதிய இன்டெல் மடிக்கணினிகளில், எந்த வட்டில் ஏற்றுவது என்று கேட்கும் திரையில் வட்டே தென்படாது. வட்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் என்று கிடைப்பதை இறக்கி, பிரித்து, அதே பென்டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" கொடுத்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும், அப்போது வைஃபை டிரைவர் இல்லாமல் போகலாம். கைபேசியை யூஎஸ்பி வடத்தில் இணைத்து டெதரிங் போட்டால் பெரும்பாலும் வேலை நடக்கும். வைஃபை டிரைவரையும் முன்பே பென்டிரைவில் எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

வைரஸோ உளவு மென்பொருளோ நுழைந்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால் மற்ற மூன்றையும் மறந்துவிட்டு இதற்கே வாருங்கள். எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி ஏற்றுங்கள், கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். பழைய கணினியை யாரிடமாவது வாங்கினாலும் இதுவே சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. எப்படியும் ஃபார்மட் என்று முடிவானால், கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கிறதா, பிராசசர் மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துவிட்டு 11-க்கே போய்விடுவது மேல்.

## எதைத் தொடங்கும் முன்னும்: அந்த 48 இலக்கம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தாங்கள் போட்ட நினைவே இல்லாதவர்களின் கணினியிலும் வட்டு பிட்லாக்கரால் (விண்டோஸின் குறியாக்க வசதி) பூட்டப்பட்டிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் விண்டோஸ் 11 பல கணினிகளில் தானாகவே டிவைஸ் என்கிரிப்ஷனைப் போட்டுவிடுகிறது. அன்றாடம் எதுவும் தெரியாது. பழுதுநீக்கும் மெனுவுக்குள் போகும்போது, அல்லது வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபைல்களை யாராலும் திறக்க முடியாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்ஸில் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி" பகுதியில் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கைபேசியிலிருந்து நுழைந்து சரிபார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். கீயை அதே கணினியில் சேமித்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

## உங்கள் நிலைமைக்கு

போன வாரம் வரை நன்றாக இருந்தது, தேதியும் தெரியும் என்றால் ரீஸ்டோர். அது தோற்றால் ரிப்பேர் இன்ஸ்டால்.

எப்போது தொடங்கியது என்றே தெரியாத, மெல்ல மெல்ல வளர்ந்த கோளாறு, ஆனால் விண்டோஸ் திறக்கிறது: நேராக ரிப்பேர் இன்ஸ்டால். புரோகிராம்கள் நிறைய உள்ள, அன்றாடப் பிழைப்பே அந்தக் கணினியில் நடக்கிறவர்களுக்கு இதைத் தவிர வேறொன்றை முதலில் சொல்ல எனக்கு மனம் வராது.

பிரவுசரும் வீடியோ அழைப்பும் தவிர வேறெதுவும் பயன்படுத்தாத அம்மா அப்பாவின் கணினி என்றால் கணக்கு மாறும். இழக்கப் புரோகிராம்களே இல்லாதபோது ரீசெட் போதும், மறுநாளே பழகிவிடுவார்கள்.

சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது, சாதாரணமாகத் திறந்தால் திணறுகிறது என்றால் நான்கும் இப்போதைக்கு வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைத் திறந்து, விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு மென்பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ரீஸ்டார்ட். சரியாகிவிட்டால் பாதியை மறுபடி இயக்குங்கள், மறுபடி ரீஸ்டார்ட். கோளாறு எந்தப் பாதியில் திரும்பி வருகிறதோ அதை இன்னும் இரண்டாகப் பிரியுங்கள். பதினாறு புரோகிராம்கள் இருந்தாலும் நாலைந்து ரீஸ்டார்ட்டில் ஆளைப் பிடித்துவிடலாம்.